போருக்குப் பிறகு லைபீரியாவில் உயர்கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோரத்தில் சியரா லியோனுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன நாடு லைபீரியா. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 52 லட்சம். 14 ஆண்டுகளுக்குள் இரண்டு உள்நாட்டுப் போர்களைப் பார்த்த நாடு. அங்கே கல்லூரிகள் எப்படி மீண்டன, எங்கே இன்னும் மீளவில்லை என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டடத்தை இரண்டு மூன்று வருடத்தில் எழுப்பிவிடலாம், பேராசிரியரை அப்படி எழுப்ப முடியாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

எந்தப் போரைப் பற்றிப் பேசுகிறோம்?

1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லரின் ஆட்கள் ஐவரி கோஸ்ட் எல்லை வழியாக நிம்பா கவுண்டிக்குள் நுழைந்தார்கள் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல, மொத்தம் 15). அது முதல் போர். 1997 தேர்தலில் டெய்லரே ஜெயித்து அதிபரானார். 1999இல் இரண்டாவது போர் மூண்டது. 2003 ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஒரே வாரத்தில் அக்ராவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இறந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. போருக்கு முன் அந்த நாட்டின் ஜனத்தொகையே இருபது லட்சத்துச் சொச்சம்தான்.

போருக்கு முன்பே அங்கே பல்கலைக்கழகம் இருந்ததா?

நன்றாகவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினத்தவர் 1847இல் சுதந்திரக் குடியரசாக அறிவித்த நாடு அது. 1862இல் மன்ரோவியாவில் லைபீரியா கல்லூரி தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் அதிபரான ஜோசஃப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ்தான் அந்தக் கல்லூரிக்கும் முதல் தலைவர். ஆப்பிரிக்கச் சிந்தனை வரலாற்றில் பெரிய பெயரான எட்வர்ட் வில்மட் பிளைடன் அங்கே பாடம் நடத்தினார், பின்னால் தலைவராகவும் இருந்தார். 1951இல் அதுவே லைபீரியா பல்கலைக்கழகம் ஆனது.

இன்னொன்று கட்டிங்டன். எபிஸ்கோபல் திருச்சபை 1889இல் கேப் பாமஸ் பகுதியில் தொடங்கிய நிறுவனம். 1929இல் மூடப்பட்டு, 1949இல் நாட்டின் நடுப்பகுதியில், பாங் கவுண்டியின் சுவாக்கோக்கோவில் மறுபடி திறந்தது. அந்தக் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து படித்தார்கள். மூன்றாவது, தென்கிழக்கு மூலையில் ஹார்ப்பர் நகரில் 1978இல் வந்த டப்மன் தொழில்நுட்பக் கல்லூரி.

இந்தக் கல்லூரிகளின் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் மொத்த ஜனத்தொகையில் ஒரு சிறு பங்கு. ஆனால் 1980 வரை ஆட்சியும் பதவிகளும் அவர்கள் கையில். கல்லூரிப் படிப்பும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். உள்நாட்டுப் பழங்குடியினர் கல்லூரிக்குள் கூட்டமாக வரத் தொடங்கியது மெதுவாகத்தான். போரின் வேரைத் தேடுபவர்கள் இந்த இடைவெளியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

படிப்பைக் கெடுத்தது போர் மட்டும்தானா?

இல்லை. போர் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே ஒரு பெரிய அடி விழுந்துவிட்டது. அதிகம் பேசப்படாத சம்பவம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1970களில் லைபீரியா பல்கலைக்கழகம் எதிர்க்கட்சி அரசியலின் உலைக்களமாக இருந்தது. ஒரே கட்சி நூறு வருடத்துக்கு மேல் ஆண்ட நாட்டில் கேள்வி கேட்கும் இடம் வேறு எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். 1980 ஏப்ரலில் சார்ஜென்ட் சாமுவேல் டோ அதிபர் டால்பெர்ட்டைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். வளாகம் முதலில் கொண்டாடியது. கொண்டாட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. புதிய அரசியல் சாசனத்தை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கிய அமோஸ் சாயர் என்ற பேராசிரியரை 1984 ஆகஸ்ட்டில் டோ கைது செய்ய, மாணவர்கள் வளாகத்தில் திரண்டார்கள். ஆகஸ்ட் 22 அன்று ராணுவம் உள்ளே புகுந்தது. துப்பாக்கிச் சூடு, கசையடி, மாணவிகள் மீது பாலியல் வன்முறை எல்லாம் நடந்தன.

அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் மேரி ஆன்டாய்னெட் பிரவுன் ஷெர்மன். 1978இல் அந்தப் பதவிக்கு வந்தபோது ஆப்பிரிக்காவிலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று பேசப்பட்டவர். டோ அவருடைய நிர்வாகத்தைக் கூண்டோடு தூக்கினார். அதற்குப் பிறகு நல்ல ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். 1989இல் போர் வந்தபோது தாக்கப்பட்டது ஏற்கெனவே பாதி காலியான ஒரு நிறுவனம்.

(சாயர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1990 முதல் 1994 வரை இடைக்கால அரசின் அதிபராக இருந்தார்.)

போரில் கல்லூரிகளுக்கு என்ன ஆயிற்று?

கட்டிங்டன்: டெய்லர் தன் தலைநகராக வைத்துக்கொண்ட பாங்கா நகரம் பக்கத்திலேயே இருந்தது. வளாகம் அவருடைய படைக்குப் பயிற்சி முகாமானது. கல்லூரி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வேறொரு கல்லூரியின் ஆதரவில் அலுவலகத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் உயிரோடு காப்பாற்றியது. 1998இல்தான் சுவாக்கோக்கோவில் மறுபடி வகுப்பு நடந்தது.

டப்மன் கல்லூரி: 1990இல் மூடப்பட்டது. சூறையாடப்பட்டது. பத்தொன்பது வருடம் அப்படியே கிடந்தது.

லைபீரியா பல்கலைக்கழகம்: மன்ரோவியாவில் கேபிடல் ஹில் வளாகம் அதிபர் மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் எதிரே இருக்கிறது. தலைநகரில் எப்போது சண்டை வந்தாலும் அது தப்ப வழியே இல்லை. 1990, 1992, 1996, 2003 என்று ஒவ்வொரு சுற்றிலும் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. நகரத்துக்கு வெளியே ஃபென்டாலில் இருந்த அறிவியல், வேளாண்மை வளாகத்தின் கதை இன்னும் கொடுமையானது. 1990இல் மன்ரோவியாவிலிருந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். கிளர்ச்சிப் படையினர் சோதனைச் சாவடி போட்டு, கிரான், மண்டிங்கோ இனத்தவர்களையும் அரசு ஊழியர்களையும் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்துக் கொன்றார்கள்.

புத்தகம், மைக்ராஸ்கோப், மேசை நாற்காலி, கூரைத் தகடு, மின்கம்பி எல்லாமே விலை போகும் பொருள்கள், எல்லாமே போயின. பலருடைய மதிப்பெண் பதிவேடுகளும் போயின. மூன்றாம் வருடம் வரை படித்தவர் போருக்குப் பிறகு வந்து, ‘நான் இங்கே படித்தேன்’ என்று சொன்னால் அதை நிரூபிக்கத் தாள் கிடையாது. கூரையை மறுபடி போட்டுவிடலாம். இதற்கு என்ன செய்வது?

போர் நடக்கும்போதும் யாராவது படித்தார்களா?

படித்தார்கள். சண்டை ஓயும் இடைவெளிகளில் வகுப்பு நடந்தது. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் பல்கலைக்கழகம் தொடங்கியது 1995இல், போருக்கு நடுவில்! 1998இல், இரண்டு போர்களுக்கும் இடையில் கிடைத்த மூச்சில், யுனைடெட் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் வந்தது. அரசுப் பல்கலைக்கழகம் தடுமாறிய நேரத்தில் திருச்சபைகள்தான் இடத்தை நிரப்பின.

லேமா குபோவியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1989 கடைசியில் போர் ஆரம்பித்தபோது அவருக்கு 17 வயது; டாக்டராகும் கனவோடு இருந்தவர். கனவு அங்கேயே நின்றது. நடுவில் அகதி வாழ்க்கை, குழந்தைகள். 2001இல் மன்ரோவியாவின் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் சமூகப்பணியில் இரண்டாண்டுப் பட்டம் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து, வெள்ளைச் சட்டை போட்ட பெண்களைத் திரட்டி அமைதிக்காகத் தெருவில் உட்கார வைத்தார். 2011இல் அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

நாட்டுக்கு வெளியே படித்தவர்களும் உண்டு. கானாவின் புடுபுராம் அகதி முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊர்ப் பாடத்திட்டத்தில் படித்துத் தேறினார்கள். திரும்பி வந்தபோது, உள்நாட்டிலேயே இருந்துவிட்ட தங்கள் வயதுக்காரர்களைவிட அவர்கள் முன்னால் இருந்தார்கள்.

2003க்குப் பிறகு யார் எதைக் கட்டினார்கள்?

ஃபென்டாலைச் சீனா கட்டிக் கொடுத்தது. புதிய வளாகம் 2010இல் ஒப்படைக்கப்பட்டது. டப்மன் கல்லூரியை அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் அரசு பல்கலைக்கழகமாக உயர்த்தி 2009இல் திறந்தது. அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2011 முதல் சில வருடங்களுக்கு லைபீரியா பல்கலைக்கழகத்தின் பொறியியலிலும் கட்டிங்டனின் வேளாண்மையிலும் பணத்தைப் போட்டது. நிம்பா, லோஃபா, கிராண்ட் பஸ்ஸா, போமி என்று பல கவுண்டிகளில் சமுதாயக் கல்லூரிகள் முளைத்தன. அவற்றில் சில பிற்பாடு பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டன.

இதில் மின்சாரத்தைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் படம் முழுமையாகாது. மன்ரோவியாவுக்கு மின்சாரம் தந்த மவுண்ட் காபி நீர்மின் நிலையம் முதல் போரிலேயே பாழானது. அது மறுபடி ஓடத் தொடங்கியது 2016 டிசம்பரில். அதாவது சமாதானம் வந்து பதின்மூன்று வருடம் வரை, ஒரு பொறியியல் வகுப்பில் ஒரு கருவியைச் சுழற்றிக் காட்ட வேண்டும் என்றால் முதலில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசலுக்குக் காசு இல்லாத வாரத்தில் ஆய்வகப் பாடம் கரும்பலகையில்தான்.

முன்னாள் போராளிகளும் கல்லூரிக்கு வந்தார்களா?

வந்தார்கள். ஐ.நா. நடத்திய ஆயுதக் களைவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். மறுவாழ்வுக்காகக் கொடுத்த வாய்ப்புகளில் தொழிற்பயிற்சியும் உண்டு, முறையான படிப்பும் உண்டு. படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் கணிசம். அதனால் ஒரே வகுப்பில் துப்பாக்கி பிடித்தவரும், அந்தத் துப்பாக்கியால் குடும்பத்தை இழந்தவரும் உட்காரும் நிலை வந்தது. போராளிகளுக்குக் கட்டணம் கிடைக்கிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. அதற்குத் திருப்தியான பதிலை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரு நுழைவுத் தேர்வில் 25,000 பேரும் தோற்றார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. 2013 ஆகஸ்ட். லைபீரியா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதியவர்கள் கிட்டத்தட்ட 25,000 பேர். தேர்வுக் கட்டணம் ஆளுக்கு 25 அமெரிக்க டாலர். (அங்கே லைபீரிய டாலரும் அமெரிக்க டாலரும் சேர்ந்தே புழங்குகின்றன.) தேறத் தேவையான மதிப்பெண் ஆங்கிலத்தில் 70, கணிதத்தில் 50. இரண்டையும் சேர்த்துத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை.

கல்வி அமைச்சர் எட்மோனியா டேவிட் டார்ப்பே, அத்தனை பேரும் தோற்றிருக்க முடியாது, இது கூட்டுப் படுகொலை மாதிரி இருக்கிறது என்று கொதித்தார். மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் அடிப்படையே தெரியவில்லை என்றது பல்கலைக்கழகத் தரப்பு. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, வரம்பைத் தளர்த்தி, சுமார் 1,800 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் அதிபர் சர்லீஃபே நாட்டின் கல்வி அலங்கோலமாகக் கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

உலகம் முழுக்க இந்தச் செய்தி வேடிக்கையாகத்தான் பரவியது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013இல் 20 வயதான ஒருவர் 1993இல் பிறந்திருப்பார். ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய 1999இல் இரண்டாவது போர் தொடங்குகிறது. போர் முடியும்போது வயது பத்து; அதுவரை பள்ளிக்கூடம் விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கும். அதற்குப் பிறகு அவருக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் யார்? முதல் போரின்போது பள்ளியில் இருந்திருக்க வேண்டிய ஒருவர். ஆசிரியர் பயிற்சி நிலையங்களும் மூடிக்கிடந்ததால், பலருக்குப் பயிற்சி என்று ஒன்று கிடைக்கவே இல்லை.

ஆகவே அந்தத் தேர்வு மாணவர்களை அளந்தது என்று நான் நினைக்கவில்லை. 14 வருடப் போர் பள்ளிக்கூடத்துக்குள் என்ன செய்தது என்பதைத்தான் அளந்தது. பல்கலைக்கழகம் வரம்பை உயர்த்தியதில் தவறு இல்லை. ஆனால் 25,000 பேரிடமும் தலைக்கு 25 டாலர் வாங்கி வைத்துக்கொண்டு, ‘உங்களில் யாருமே லாயக்கில்லை’ என்று அனுப்பியது அழகல்ல. ஆறு லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. ஏழை வீடுகளின் காசு.

ஆங்கிலம்தானே ஆட்சிமொழி? அப்படியும் ஆங்கிலத்தில் ஏன் தோற்கிறார்கள்?

வீட்டில் கெப்பெலே, பஸ்ஸா, கியோ மாதிரியான மொழி. தெருவிலும் சந்தையிலும் கொலோக்வா என்று அழைக்கப்படும் லைபீரிய ஆங்கிலம். அதற்குத் தனி இலக்கணமும் தனி ஓசையும் உண்டு. தேர்வுத்தாளில் வருவதோ பாடப்புத்தக ஆங்கிலம். அந்தப் பாடப்புத்தக ஆங்கிலத்தைப் பிள்ளை கேட்கக்கூடிய ஒரே இடம் வகுப்பறை, அதுதானே மூடிக்கிடந்தது.

பேராசிரியர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

விஷயத்தின் முடிச்சே இதுதான்.

போரின்போது வெளியேறியவர்கள் மினசோட்டா, பிலடெல்பியா, ஸ்டேட்டன் தீவு என்று அமெரிக்காவில் வேரூன்றிவிட்டார்கள். அமைதி வந்தபின் சிலர் திரும்பினார்கள். போருக்குப் பின் லைபீரியா பல்கலைக்கழகத்தின் தலைவராக 2009 வரை இருந்த அல்-ஹசன் கான்டே, அடுத்து வந்த எமெட் டென்னிஸ், ஹார்ப்பரில் டப்மன் பல்கலைக்கழகத்தை எழுப்பிய எலிசபெத் டேவிஸ் ரசல் மூவருமே அமெரிக்கக் கல்லூரிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். டென்னிஸ் ரட்கர்ஸில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். வெளிநாட்டில் இருக்கும் வல்லுநர்களைச் சில மாதமோ சில வருடமோ தாய்நாட்டுக்கு வரவழைத்துச் சம்பளம் கொடுக்க ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஏற்பாடும் இருந்தது.

தலைவர் பதவிக்கு ஒருவர் திரும்பி வருவார். முதலாண்டுக் கணிதத்துக்கு யார் வருவார்? அங்கேதான் சிக்கல். முனைவர் பட்டம் பெற்றவர்கள் குறைவு. இளங்கலை மட்டும் முடித்தவரே இளங்கலைக்குப் பாடம் நடத்துவது சகஜம். சம்பளம் போதாததால் ஒரே ஆள் காலையில் அரசுப் பல்கலைக்கழகம், மத்தியானம் ஒரு திருச்சபைக் கல்லூரி, சாயந்திரம் இன்னொன்று என்று ஓடுகிறார். மன்ரோவியா உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் தலைநகரங்களில் ஒன்று. ஜூலை மழையில் கேபிடல் ஹில்லிலிருந்து ஃபென்டாலுக்கு நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் ஒரு வகுப்பு நேரம் கரைந்துவிடும். சம்பளம் தாமதமானால் ‘கோ-ஸ்லோ’ என்று அவர்கள் சொல்லும் மெத்தனப் போராட்டம் வரும், செமஸ்டர் நீளும், நான்கு வருடப் படிப்பு ஆறு, ஏழு என்று இழுக்கும்.

புதிய பேராசிரியரை உருவாக்க இளங்கலை, முதுகலை, முனைவர் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். முதுகலைக்கு வெளிநாடு போனவரில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய அசிங்கம் ஒன்று: மதிப்பெண்ணுக்குப் பணம் கேட்பதும், மாணவிகளிடம் உடலைக் கேட்பதும். இரண்டும் அந்த நாட்டில் ஒளிவுமறைவாகப் பேசப்படும் விஷயங்கள் அல்ல. அரசும் மாணவர் அமைப்புகளும் பத்திரிகைகளும் வெளிப்படையாகவே பேசுகின்றன. பேசுகிற அளவுக்குத் தண்டனை இல்லை.

டாக்டர்கள்?

லைபீரியா பல்கலைக்கழகத்தின் டாக்லியோட்டி மருத்துவக் கல்லூரிதான் நெடுங்காலம் நாட்டின் ஒரே மருத்துவக் கல்லூரி. போர் முடிந்தபோது நாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லைபீரிய டாக்டர்கள் ஐம்பது பேர் அளவில்தான் என்று சொல்வார்கள். மேல்படிப்பு வேண்டுமென்றால் வெளிநாடு. 2013இல்தான் உள்நாட்டிலேயே பொதுமருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகிய நான்கிலும் சிறப்புப் பயிற்சி தொடங்கியது. நல்ல தொடக்கம்.

அடுத்த வருடம் எபோலா வந்தது.

2014 ஜூலைக் கடைசியில் பள்ளிகள் மூடப்பட்டன, கல்லூரிகளும் முடங்கின. பள்ளிகள் திறக்க 2015 பிப்ரவரி ஆயிற்று. நாட்டில் 4,800க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அதில் மருத்துவத் துறையினர் மட்டும் சுமார் 190 பேர். டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி என்று எண்ணினால் நாட்டில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட 8% பேர் போய்விட்டார்கள் என்பது உலக வங்கி ஆய்வாளர்களின் கணக்கு. மன்ரோவியாவின் ஜான் எஃப். கென்னடி மருத்துவமனையில் மூத்த டாக்டர்களான சாமுவேல் பிரிஸ்பேனும் ஆபிரகாம் போர்போரும் ஒரு மாத இடைவெளியில் இறந்தார்கள். மூத்த டாக்டர் ஒருவர் போனால் ஒரு சிகிச்சையாளர் மட்டும் போவதில்லை. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கவேண்டியவரும் போகிறார்.

அந்த நாட்களில் கட்டிங்டன் வளாகத்தில் அமெரிக்கக் கடற்படையின் நடமாடும் ஆய்வகம் ரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. அது வரும் முன்பு முடிவு தெரிய நாள்கணக்கில் ஆனது. வந்தபின் சில மணி நேரம். ஒரு காலத்தில் படை முகாமாக இருந்த வளாகம் இந்தத் தடவை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

அரசுக் கல்லூரியில் படிப்பு இலவசமாமே?

கல்விக் கட்டணம் மட்டும். 2018 அக்டோபரில், கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் போராடிய சூட்டோடு, அதிபர் ஜார்ஜ் வியா எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இளங்கலைக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தார். அதற்கு முன்னால் ஒவ்வொரு ‘கிரெடிட்’டுக்கும் இவ்வளவு என்று கட்டவேண்டும். காசு இல்லாதவர் ஒரு செமஸ்டரில் ஐந்து பாடத்துக்குப் பதில் இரண்டு எடுப்பார். படிப்பு இழுத்துக்கொண்டே போகும்.

அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2005 தேர்தலில் உலகப் புகழ் கால்பந்து வீரரான வியாவுக்கு எதிரே நின்றவர் ஹார்வர்டில் படித்த சர்லீஃப். வியாவுக்குப் படிப்பில்லை என்பதே பெரிய பிரசாரமாக ஓடியது. ‘படிச்சிருந்தா என்ன, படிக்கலைன்னா என்ன, எங்க ஓட்டு உனக்குத்தான்’ என்ற பொருளில் அவருடைய இளைஞர் கூட்டம் கோஷம் போட்டது. முதல் சுற்றில் முன்னால் வந்தவர் இரண்டாம் சுற்றில் தோற்றார். அப்புறம் அமெரிக்கா போய் ஒரு பட்டம் வாங்கினார். 2018இல் அதிபரானவுடன் கட்டணத்தைத் தூக்கினார்.

நல்ல முடிவா? ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறந்தது, அது பெரிய விஷயம். ஆனால் மாணவர்கள் கட்டிய பணத்துக்கு ஈடாகக் கருவூலத்திலிருந்து வரவேண்டிய பணம் நேரத்துக்கு வந்தால்தான் இது ஓடும். வராதபோது ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குப் போகிறது. கட்டணமில்லாத வகுப்பில் ஆசிரியரும் இல்லை என்றால் மாணவருக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது முதலில் சம்பளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தலைநகருக்கு வெளியே?

தென்கிழக்கு நிலைமை மோசம். ஹார்ப்பரிலிருந்து மன்ரோவியாவுக்கு மழைக்காலத்தில் செம்மண் சாலையில் போக நாள்கணக்கில் ஆகும். அதனால்தான் அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருப்பது முக்கியம். கவுண்டிக் கல்லூரிகளில் வேளாண்மை, நர்சிங், ஆசிரியர் பயிற்சி போன்றவை உள்ளூர்த் தேவைக்குப் பொருந்துகின்றன. எல்லோரும் பல்கலைக்கழகப் பலகை மாட்ட ஆசைப்படுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1929இல் தொடங்கிய காக்காட்டாவின் புக்கர் வாஷிங்டன் தொழிற்பள்ளி எலக்ட்ரீஷியனையும் மெக்கானிக்கையும் கொடுத்த நாடு அது. அந்த மாதிரி இன்னும் நாலு இருந்தால் நன்றாக இருக்கும்.

மாணவர் அரசியல் இன்னும் சூடாக இருக்கிறதா?

சந்தேகமே வேண்டாம். 1970இல் பிறந்த மாணவர் ஒருங்கிணைப்புக் கட்சி இன்றும் வளாகத்தில் வலுவாக இருக்கிறது. நாடாளுமன்றம் எதிரே இருப்பதால் ஊர்வலம் போக பஸ் பிடிக்க வேண்டாம்.

இந்தியாவுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

கொஞ்சம் உண்டு. ஐ.நா. அமைதிப்படையில் முழுக்கப் பெண்களே கொண்ட முதல் போலீஸ் பிரிவு இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் அனுப்பியது. 2007 முதல் 2016 வரை மன்ரோவியாவில் இருந்தது. அதிபர் அலுவலகத்தைக் காவல் காத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் போலீஸில் சேர அவர்கள் ஒரு தூண்டுதல் என்று சர்லீஃபே சொன்னார். இந்திய அரசின் கலாச்சார உறவுகள் குழுவின் உதவித்தொகையில் லைபீரிய மாணவர்கள் இங்கே வந்து படிக்கிறார்கள். அப்புறம், மன்ரோவியா மாணவர்கள் வகுப்புக்குப் போக ஏறும் ‘கேக்கே’ வேறொன்றுமில்லை, நம்மூர் ஆட்டோதான்.

அமெரிக்க உதவி நின்றதால் பாதிப்பு உண்டா?

உண்டு. 2025 தொடக்கத்தில் யூஎஸ்எய்ட் முடக்கப்பட்டபோது, தன் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் அந்த உதவியை மிக அதிகம் நம்பியிருந்த நாடுகளின் வரிசையில் லைபீரியா முன்னால் இருந்தது. முதல் அடி சுகாதாரத்துக்கும் பள்ளிகளுக்கும். பள்ளியில் விழும் அடி கல்லூரி வாசலுக்கு வந்துசேரப் பத்து வருடம் ஆகும். 2013 தேர்வுக்கு நான் போட்ட கணக்கை 2035க்கும் போடலாம்.

லைபீரியச் சான்றிதழோடு ஒருவர் வேலைக்கோ மேல்படிப்புக்கோ வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் அந்த நிறுவனத்துக்குத் தேசிய உயர்கல்வி ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணையம் 1989இல் உருவானது, போருக்குப் பிறகே உண்மையில் வேலை செய்ய ஆரம்பித்தது. பள்ளி இறுதித் தேர்வு முடிவை மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வு மன்றத்திடம் நேரடியாகக் கேட்கலாம். கானா, நைஜீரியாவுக்கும் அதே மன்றம்தான். பட்டத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் உறுதி செய்யும். பதில் வர நாளாகலாம், நினைவூட்ட வேண்டியிருக்கும். 2003க்கு முந்தைய படிப்பு என்றால், தாள் இல்லை என்பதற்காக மட்டும் ஆளைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூடப் படித்தவர்களின் உறுதிமொழி, பழைய அடையாள அட்டை, பட்டமளிப்பு நிகழ்ச்சி நிரல் என்று கையில் எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள்.